பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

கேள்வி: ரெடிங்கில் வசிக்கிறோம். எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். வேலூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. வேல்ஸில் உள்ள பிக் பிட் தேசிய நிலக்கரி அருங்காட்சியகத்துக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? மழையாக இருந்தால் தள்ளிப்போடலாமா?

பதில்: தாராளமாகப் போய்வரலாம். ஆனால் உங்கள் வீட்டில் எல்லோரும் கீழே இறங்க முடியாது. அதை இப்போதே முடிவு செய்துகொண்டு கிளம்பினால்தான் அன்றைய நாள் சரியாக அமையும். பெரும்பாலான குடும்பங்கள் அங்கே போய்க் கவுன்டர் முன்னால் நின்றுதான் இதைப் பற்றி யோசிக்கின்றன.

முதலில் மகன். ஒரு மீட்டர் உயரம் இல்லாத குழந்தைகளைக் கீழே விடமாட்டார்கள். கெஞ்சினாலும் நடக்காது, தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்றாலும் நடக்காது. மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 95 சென்டிமீட்டர் வாக்கில்தான் இருப்பார்கள். வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு அளந்துவிடுங்கள். ஒரு மீட்டரைத் தொடவில்லை என்றால் "அக்கா குழிக்குள் போவாள், நீயும் நானும் ரயில் பார்க்கப் போகிறோம்" என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

அடுத்து மாமியார். கீழே போகும் சுற்று ஏறத்தாழ 50 நிமிடம். இறங்குவதும் ஏறுவதும் லிஃப்ட் போன்ற இரும்புக் கூண்டில்தான், படிக்கட்டு இல்லை. ஆனால் கீழே நடக்கும் தரை மேடுபள்ளம், சில இடங்களில் ஈரம், கூரை தாழ்ந்த இடங்களில் குனிந்து போக வேண்டும். பாதியில் "எனக்கு முடியவில்லை, நான் மேலே போகிறேன்" என்று தனியாகத் திரும்ப முடியாது. குழு மொத்தமும் வழிகாட்டியோடுதான் நகரும். நின்று நின்று நடந்தால் வலி கூடும் என்பவர் மேலேயே இருப்பது நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கீழே அழைத்துப் போகிறார்கள். ஆனால் ஒரு நேரத்தில் சிலரைத்தான் ஏற்க முடியும் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே இரண்டு அணியாகப் பிரியுங்கள். பெற்றோரில் ஒருவர், மகள், மாமனார் மூவரும் காலையில் முதல் அணி. இன்னொருவர் மகனோடும் மாமியாரோடும் மேலே. முதல் அணி வந்ததும் மேலே இருந்தவர் தனியாக ஒரு சுற்று போகலாம். வழக்கமாகக் காலை 10 மணிக்குச் சுற்றுகள் தொடங்கி, கடைசிச் சுற்று பிற்பகல் 3.30 வாக்கில் இருக்கும். குளிர்காலத்தில் நாள்களும் நேரமும் மாறும். கீழிறங்கும் சுற்றுக்கான முன்பதிவு, கட்டணம் இரண்டையும் கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறை நாள்களில் நண்பகலுக்குமேல் காத்திருப்பு நீளும். அதனால் எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால், முதலில் கீழே, மற்றதெல்லாம் பிறகு.

கீழே கட்டுப்பாடு ஏன் இவ்வளவு கறார் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிக் பிட் ஒரு சினிமா செட் இல்லை. 1860 வாக்கில் தொடங்கி 1980 பிப்ரவரி 2 வரை நிலக்கரி எடுத்த சுரங்கம். 1923-இல் 1,300 பேருக்கு மேல் இங்கே வேலை செய்தார்கள். மூடும்போது எஞ்சியிருந்தவர்கள் 250 பேர் வாக்கில். 1983-இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். இன்றும் சட்டத்தின் கண்ணில் அது சுரங்கம்தான்: சுரங்க ஆய்வாளர்களின் விதிகளுக்கு உட்பட்டது. நீங்கள் 90 மீட்டர் கீழே இறங்குவது பழைய தொழிலாளர்கள் இறங்கிய அதே ஷாஃப்ட்டில், அதாவது கூண்டு ஓடும் செங்குத்துக் குழியில். அதன் வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, 18 அடிக்கு 13 அடி. இரண்டு தண்டவாளப் பாதைகள் அடங்கும் அகலம். அந்தக் காலத்தில் வேல்ஸில் அது பெரிய குழி, பெயரும் அப்படி வந்ததுதான்.

நிலக்கரிப் படுகையில் மீத்தேன் அடைபட்டிருக்கும். வெட்ட வெட்டக் கசியும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். ஒரு சிறு பொறி போதும். அதனால்தான் தீப்பெட்டி, லைட்டர், சிகரெட்டோடு மின்கலம் உள்ள எந்தப் பொருளையும் கீழே கொண்டுபோக அனுமதி இல்லை. கைப்பேசியும் கேமராவும் போகாது என்று எல்லோருக்கும் தெரியும். மறந்துபோகிறவை வேறு: கார்ச் சாவியின் ரிமோட், கைக்கடிகாரம், உடற்பயிற்சிப் பட்டை, குழந்தையின் பையில் கிடக்கும் பேட்டரி பொம்மை, நடந்தால் ஒளிரும் எல்இடி காலணி. மகளுக்கு ஒளிரும் ஷூ இருந்தால் அன்று அதைப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் கூண்டில் ஏறும் முன் வாங்கி வைத்துக்கொண்டு, மேலே வந்ததும் திருப்பித் தருவார்கள். மேலே ஒருவர் இருக்கப்போகிறார் என்பதால் உங்களுக்கு இன்னும் வசதி: எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். மாமனாருக்குச் செவிக்கருவியோ இதயத்துக்கான கருவியோ இருந்தால் அதைப் பதிவு செய்யும்போதே சொல்லிக் கேட்டுவிட வேண்டும். கூண்டு வாசலில் கேட்கும் கேள்வி அல்ல அது. கீழே படம் எடுக்க முடியாது என்பதையும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பொறி விஷயம் வெறும் பயமுறுத்தல் இல்லை. 1913 அக்டோபர் 14 அன்று இதே தெற்கு வேல்ஸில், செங்கனித் ஊரின் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டன் கண்ட சுரங்க விபத்துகளில் அதுவே மிகப் பெரியது. எதனால் பற்றியது என்று அறுதியாக நிறுவ முடியவில்லை. சைகை கொடுக்கும் மின்மணிக் கம்பியில் எழுந்த பொறியாக இருக்கலாம் என்பது விசாரணையில் பேசப்பட்ட ஐயங்களில் ஒன்று. மீத்தேன் பற்றினால் அந்த அதிர்ச்சியில் தரையில் படிந்த கரித்தூள் எழும்பும், அதுவும் பற்றும், தீ தூளைத் துரத்திக்கொண்டு மைல் கணக்கில் ஓடும். பின்னாளில் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவியது, கரித்தூளோடு கலந்து தீ பரவாமல் தடுக்கத்தான்.

விளக்கறையில் ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட், தலைவிளக்கு, பெல்ட், அதில் மாட்டிய மின்கலம், தற்காப்புச் சுவாசக் கருவி எல்லாம் தருவார்கள். மொத்தம் ஐந்து கிலோ. இடுப்பில் ஓர் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். அந்தச் சுவாசக் கருவி கெட்ட காற்றை வடிகட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும்; தொழிலாளர்கள் அணிந்ததும் இதே வகைதான். பெல்ட் இருப்பதால் உடை முக்கியம். புடவை கட்டியிருந்தால் மின்கலத்தின் எடை கொசுவத்தை இழுத்துத் தளர்த்திவிடும், ஈரத் தரையில் கரை மிதிபடும். சுடிதாரோ பேன்ட்டோ போதும். துப்பட்டாவை மேலேயே வைத்துவிடுங்கள். மாமனாருக்கு வேட்டி வேண்டாம். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, தாழப் பின்னிவிடுங்கள். மகளின் ஹெல்மெட்டின் உள்பட்டையைத் திருகி இறுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குனியும்போதெல்லாம் கண்ணை மறைக்கும். பெல்ட்டின் கடைசித் துளையிலும் அவளுக்குத் தளர்வாக இருந்தால் விளக்கறையிலேயே சொல்லிவிடுங்கள். நடுவழியில் அது இடுப்பிலிருந்து நழுவி, ஐம்பது நிமிடமும் அவள் அதைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். காலுக்குப் பிடிமானம் உள்ள மூடிய காலணி. கோடையிலும் ஒரு ஸ்வெட்டர். குளிர்காலத்தில் மேலேயுள்ள குளிர்காற்றே ஷாஃப்ட் வழியாக இறங்குவதால் அடியில் இன்னும் சில்லென்றிருக்கும். இறங்கும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள்.

தலைவிளக்கைப் பற்றி ஒரு மரியாதை உண்டு: எதிரில் இருப்பவரின் முகத்தை நேராகப் பார்த்தால் ஒளி அவர் கண்ணில் குத்தும். பேசும்போது தலையைச் சற்றுத் தாழ்த்தியோ திருப்பியோ பேச வேண்டும். குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் மறப்பார்கள்.

கூண்டு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று மாமனார் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1862 ஜனவரியில் வட இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தின் பெரிய உத்திரம் முறிந்து, இருந்த ஒரே ஷாஃப்ட்டை அடைத்தது. அந்த விபத்தில் 204 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் வந்த சட்டம், சுரங்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வெளியேறும் வழி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது; ஒரு வழி அடைபட்டால் வேறு வழி வேண்டும் என்பதற்குத்தான் அது.

வழிகாட்டிகள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். அந்தச் சுற்றின் உயிர் அவர்கள்தான். படிப்பறிவில் வராத விஷயங்களைப் போகிறபோக்கில் சொல்வார்கள். ஆனால் வேல்ஸ் உச்சரிப்பு, வேகம், நடுநடுவே கேலி என்று வருவதால் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குப் பாதி புரியாது. வழிகாட்டி பேசும்போது நீங்கள் பக்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் இருவருமே கோட்டை விடுவீர்கள். அதனால் காரில் போகும்போதே கீழே என்ன வரும் என்று தமிழில் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியவை இவை.

காற்றுக் கதவுகள். ஒரு ஷாஃப்ட் வழியே நல்ல காற்று இறங்கி, வேலை நடக்கும் இடமெல்லாம் சுற்றி, வேறொரு ஷாஃப்ட் வழியே வெளியேற வேண்டும். கதவு இல்லாவிட்டால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், கடைசி மூலையில் இருப்பவனுக்கு எட்டாது. அதனால் கதவுகளை இரண்டிரண்டாக வைப்பார்கள். ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். கரிவண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவது பிள்ளைகளின் வேலை. 1842-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் ஆறேழு வயதுப் பிள்ளைகள் நாளெல்லாம் இருட்டில் கதவருகே உட்கார்ந்திருந்த வாக்குமூலங்கள் வந்து நாட்டையே உலுக்கின. அதே ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. பிக் பிட் அதற்குப் பிறகு வந்தது என்பதால் இங்கே எட்டு வயதுச் சிறுமி வேலை பார்த்தாள் என்று மகளிடம் சொல்லாதீர்கள். அவள் தாத்தாவின் தாத்தா காலத்துக்கும் முன் வேறு சுரங்கங்களில் நடந்தது என்று சொல்லுங்கள். கதவருகே வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்வார். கண் பழகிக்கொள்ளும் என்று காத்திருந்தாலும் பழகாது, கையை முகத்தருகே கொண்டுவந்தாலும் தெரியாது. சில நொடிதான். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையாக இருந்தால் அதற்கு முன்பே கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குதிரை லாயங்கள். வண்டி இழுத்த குதிரைகளை நிலத்தடியிலேயே கட்டிவைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர்களின் கோடை விடுமுறையின்போதுதான் அவை மேலே வந்து புல்லைப் பார்த்தன. அதனதன் இடத்தின் மேல் குதிரைகளின் பெயர் எழுதியிருக்கும். மகளை அந்தப் பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

கூரையைத் தாங்கும் முட்டுகள். இரும்பு வந்த பிறகும் மர முட்டுகளையே பலர் விரும்பினார்கள். மரம் ஒடியும் முன் முனகும். அந்தச் சத்தம் கேட்டு ஓடிவிடலாம். இரும்பு அப்படி எச்சரிக்காது. கரி வெட்டும் முகப்புக்கு வந்தால், இடுப்புயரம் கூட இல்லாத படுகையில் மனிதர்கள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வெட்டியது எப்படி என்று புரியும்.

தீச்சுடர் விளக்கு. ஹம்ஃப்ரி டேவி 1815-இல் உருவாக்கிய வகையின் வழிவந்தது. சுடரைச் சுற்றியுள்ள கம்பி வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் தீ வெளியே தாவாது. திரியை இறக்கி வைத்தால் மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின் மேல் நீலத் தொப்பி தோன்றும். ஆக்ஸிஜன் குறைந்த கனமான காற்று தரையோரம் தேங்கியிருந்தால் விளக்கைத் தாழ்த்தும்போது சுடர் சுருங்கி அணையும். மீத்தேனுக்குக் கூரையருகே பார்க்க வேண்டும், மற்றதற்குத் தரையருகே. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டுபிடிக்க வைத்திருந்த கேனரிக் குருவிகளை பிரிட்டனில் 1986-இல்தான் மின்னணுக் கருவிகளுக்கு மாற்றினார்கள்.

மாமனார் வேலூர்க்காரர் என்பதால் கோலார் தங்கவயல் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க வாய்ப்பில்லை. பழைய வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே சுடும் ஆழத்தில் வேலை, அங்கே பயம் பாறை வெடித்துச் சிதறுவது. இங்கே வெறும் 90 மீட்டர். ஆனால் பயம் வாயு, தூள், தாழ்ந்த கூரை. நெய்வேலியைப் பார்த்திருந்தால் அது திறந்தவெளிச் சுரங்கம், இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒப்பீடு இருந்தால் அவரே வழிகாட்டியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

இனி மேலே. மாமியார், மகனோடு இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது குளியலறைக் கட்டடம். 1939-இல் கட்டியது. முற்றத்திலிருந்து சரிவில் ஏற வேண்டும். மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். சுரங்கத்தை விட இதுதான் குடும்பங்களுக்குப் பிடிபடும் இடம் என்று நான் நினைக்கிறேன். வீட்டிலிருந்து வந்தவன் சுத்தமான உடையை ஒரு லாக்கரில் வைத்துவிட்டு, குளியல் பகுதியைக் கடந்து, மறுபக்க லாக்கரில் உள்ள அழுக்கு உடையை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குப் போவான். திரும்பும்போது தலைகீழ் வரிசை. அழுக்கு லாக்கர்களுக்குள் சூடான காற்று ஓடும், ஈர உடை மறுநாளைக்குள் காய்ந்துவிடும். இது வருவதற்கு முன் எல்லாம் வீட்டில்தான்: அடுப்பின் முன் தகரத் தொட்டி, கணவனுக்கும் சுரங்கம் போகும் பிள்ளைகளுக்கும் ஷிஃப்ட் வாரியாக மனைவி தண்ணீர் காய்ச்சிச் சுமந்து ஊற்ற வேண்டும், கரி படிந்த துணியைத் துவைக்க வேண்டும். கொதிநீர் கொட்டிக் குழந்தைகள் வெந்துபோனதும் உண்டு. மாமியாருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. லாக்கர்களுக்குள்ளேயே சிறு சிறு காட்சிகளாகத் தொழிலாளர் வாழ்வு, சங்கம், நுரையீரல் நோய் எல்லாம் வைத்திருக்கிறார்கள். திறந்து திறந்து பார்ப்பது மூன்று வயதுக்கு நல்ல விளையாட்டு.

கீழே போகாதவர்களுக்காக மலைச்சரிவிலேயே சுரங்கக் காட்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. ஒலி ஒளியோடு, எந்திரங்களின் வேலையை நடந்தபடியே பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் சத்தம் திடீரென்று எழும், சிறு பையன் அலறக்கூடும். உள்ளே நுழையும் முன் சொல்லிவிடுங்கள். இந்தக் காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்துக்கு உண்டு. ஒரு சின்னச் செய்தி: இந்தப் பகுதியின் நீராவிக் கரிதான் கப்பல் காலத்தில் போர்ட் சயீத், ஏடன், கொழும்புத் துறைமுகங்கள் வரை போய்க் குவிந்தது. 1913-இல் தெற்கு வேல்ஸ் எடுத்த கரி ஏறத்தாழ 5.7 கோடி டன்.

மகனுக்கு வாக்குக் கொடுத்த ரயில்: பான்டிபூல் பிளைநாவன் பாரம்பரிய ரயில்பாதைக்கு பிக் பிட் அருகிலேயே ஒரு நிறுத்தம் உண்டு. வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும்தான் ஓடும், அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நேரம் மிஞ்சினால் ஒரு மைல் தள்ளியிருக்கும் பிளைநாவன் இரும்பாலை. 1789-இல் தொடங்கியது. ஊதுலைகளை விட அங்கே பார்க்க வேண்டியது நீர்த்தராசுக் கோபுரம்: ஒரு மேடையின் அடியிலுள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்துக் கீழிறங்கும், மறுமுனையில் இரும்பு ஏற்றிய வண்டி மேலேறும், அடியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் மறுபடி ஆட்டம். எட்டு வயதுக்கு இது தெளிவாகப் புரியும். ரயிலும் இரும்பாலையும் இரண்டுமே ஒரே நாளில் வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள்.

ரெடிங்கிலிருந்து எம்4 நெடுஞ்சாலை வழியாக இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். செவர்ன் பாலத்துக்கு 2018 டிசம்பரிலிருந்து சுங்கம் இல்லை. நியூபோர்ட்டில் பிரின்கிளாஸ் சுரங்கப்பாதைக்கு முன் வண்டிகள் தேங்குவது வாடிக்கை, 9.30-க்கு அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டுமென்றால் 7 மணிக்கு முன் கிளம்ப வேண்டும். நியூபோர்ட்டில் ஏ4042, பான்டிபூலில் ஏ4043, பிறகு சுற்றுலா இடங்களுக்கு வழிகாட்டும் பழுப்பு நிறப் பலகைகள்.

அங்கே கேன்டீன் உண்டு. ஆனால் சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்குத் தேர்வு குறைவாகவே இருக்கும், தயிர் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய்விடுங்கள். முதல் அணி மேலே வரும்போது ஒரு பிளாஸ்கில் சூடாக டீ காத்திருந்தால் போதும்.

மழைக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அந்த மலையில் மழையும் மூடுபனியும் எந்த மாதத்திலும் வரும். கீழே இருப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. குடை காற்றில் திரும்பிவிடும், தொப்பி வைத்த மழைச்சட்டை எல்லோருக்கும் எடுங்கள். பனிப்பொழிவு எச்சரிக்கை இருந்தால் மட்டும் நாளை மாற்றுங்கள். மேலேறும் சாலைகள் அன்று நம்பத்தக்கவை அல்ல.